பாவு நீட்டாத தெரு

காலை ஆறு பத்துக்குச் சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, டிக்கெட் ஜன்னலில் பாயும் சட்டியும் குழந்தைகளுமாக ஊரைவிட்டுப் போகிற கூட்டம். ரயிலிலிருந்து இறங்கியவர்கள், பிளேக்கைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்த நானும் ஒரு தபால்காரரும்தான்.

அம்மாப்பேட்டைக்கு ஜட்காக்காரர் எட்டணா கேட்டார். மற்ற நாளில் மூன்றணா.

"தெரு முனை வரைக்குந்தானுங்க. உள்ள குதிரை வராதுங்க."

"குதிரையா, நீங்களா?"

"ரெண்டு பேருந்தானுங்க."

வழியில் அவர் பிளேக் விவரம் சொன்னார். எலி செத்து விழுந்த வீட்டாரை ஊருக்கு வெளியே கொட்டகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே வெயில் விழட்டும் என்று கூரை ஓடுகளையும் பிரித்துவிடுகிறார்கள். தறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பதால், விடியுமுன் எலியைத் தெருவில் எறிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தெருவில் கிடக்கிற எலி யார் வீட்டுக் கணக்கிலும் சேராது.

ஏழு மணிக்குத் தெரு முனையில் இறங்கினேன். அம்மாப்பேட்டையின் நெசவுத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. முன்பு இங்கே குடியேறியவர்கள், தறியில் ஏற்றும் பாவு நூலை முழு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடத் தோதாகத் தெருவை முதலில் அளந்துகொண்டு, பிறகுதான் இருபுறமும் வீடு கட்டினார்களாம். பாவு கட்டும் கல்தூண்கள் இரு முனைகளிலும் நிற்கின்றன. கிழக்கே மாரியம்மன் கோயில். மேற்கே நூல் வியாபாரியின் வீடு, இந்தத் தெருவில் எழுந்த முதல் மாடி. அது பூட்டிக் கிடந்தது. குடும்பம் சேந்தமங்கலம் போய்விட்டது.

அந்நேரத்துக்குப் பாவு நீண்டிருக்க வேண்டிய நடுத்தெருவில் ஒரு செத்த எலி கிடந்தது. அதைத் தாண்டி யாரும் நடக்கவில்லை. கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. நான் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

எட்டரைக்குச் சானிடரி இன்ஸ்பெக்டர் ஏணியோடும் கூலியாட்களோடும் வந்து, எலி எந்த வீட்டுடையது என்று கேட்டார். வடசிறகு வீட்டு வரிசை தென்சிறகைக் காட்டியது. தென்சிறகு வடசிறகைக் காட்டியது.

"அது செவ்வாப்பேட்டையிலேருந்து வந்த எலிங்க" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து வாசலில் நின்ற பழனி என்ற நெசவாளர் கைகூப்பினார். "எங்கூட்ல பச்ச ஒடம்புக்காரி இருக்கறாளுங்க, சாமி. இந்தப் பனியில கொட்டாயில எப்பிடிங்க படுப்பா?"

அவர் வீட்டை அதுவரை யாரும் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கூட்டு எலிதானுங்க. தறிக்குழியில கெடந்துச்சு, இவருதான் கொண்டாந்து போட்டாரு. இப்ப இன்னொண்ணு தூளிக்கு அடியில கெடக்குதுங்க. ஓட்டப் பிரிச்சுருங்க."

பழனி உள்ளே போய்த் தூளியை அவிழ்த்து எடுத்து வந்தார். ஏணி சாத்தினார்கள்.

முதல் ஓடு இறங்கியபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒருவர் முறத்தில் செத்த எலி ஒன்றை ஏந்திவந்து தன் வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போனார். சற்றுப் பொறுத்து அதற்கடுத்த வீட்டுக் கதவும் திறந்தது.

மாலை நான்கு மணிக்கு நான் ஜட்கா பிடிக்கத் தெரு முனைக்குத் திரும்பி நடந்தபோது, அந்தத் தெருவில் பதினான்கு வீடுகளுக்குக் கூரை இல்லை.