பிரேக் அக்காவின் ஹால்

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப் பழகுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பாதி ஆயுளைக் கழித்தவள். அந்தக் கால் வண்டிக்கு வெளியேயும் சும்மா இருக்காது. கடைக்காரர் "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்றால் போதும், செருப்புக்குள் கட்டைவிரல் அழுந்தும்.

அப்பேர்ப்பட்டவளே இப்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள். காரணம், அவளுடைய ஹால். வீடு கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி, கல்யாணமான கையோடு வந்திறங்கிய தம்பியும் தம்பி மனைவியும் அங்கேயே வேர் விட்டுவிட்டார்கள். சோபா கட்டிலாகிவிட்டது. நாற்காலி முதுகெல்லாம் ஈரத் துண்டு. டிவி பார்க்க வேண்டுமென்றால் இருமிவிட்டு உள்ளே போகவேண்டியிருந்தது, அதுவும் சொந்த வீட்டில்! தம்பி என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிர் பக்கத்துத் தெருவில் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றுதான் நினைத்தாள்.

அந்த நேரத்தில்தான் செல்போனில் ஏதோ 'வாடகை வீடு' குழுவில் தம்பிக்கு ஒரு வீடு கிடைத்தது. வெள்ளைச் சுவர், பால்கனி, பால்கனியில் ஊஞ்சல். வாடகையோ மற்ற வீடுகளில் பாதி.

"ஓனர் வெளிநாட்டுல இருக்காராம்க்கா. அட்வான்ஸ் போட்டா சாவி கூரியர்ல வருமாம்."

வேறு யார் சொல்லியிருந்தாலும், "காதுல பூ சுத்துறான்டா" என்று சிரித்திருப்பாள். இப்போதோ, "பாவம், தூரத்துல இருக்கிறவர் வேற என்னதான் செய்வார்?" என்றாள். அட்வான்ஸில் பாதியைத் தானே தருவதாகவும் சொல்லிவிட்டாள். மீதிப் பாதி, தம்பியும் அவன் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. அது போனால் இனி வீடு என்ற பேச்சையே எடுக்க முடியாது.

மறுநாள் காலை பல் டாக்டருக்கு வகுப்பு. பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கில் நடுங்கும். எதிரே வரும் சைக்கிளுக்கெல்லாம் "சாரி" சொல்வார். அக்காவின் பங்கை வாங்கி உடனே அனுப்பிவிட வேண்டுமென்று தம்பியும் பின் சீட்டில் ஏறிக்கொண்டான்.

"அக்கா, இன்னும் நாலு பேர் கேக்குறாங்களாம். பத்து நிமிஷத்துல போடச் சொல்றார்."

"போட்டுடலாம்டா. இந்தத் திருப்பம் முடியட்டும்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பதறிப்போன டாக்டர் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார். முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது அக்காவின் கால் இறங்கியது.

"எத்தனை தடவை சொல்றது டாக்டர்? ஹாரன் அடிக்கிறவனுக்கு அவன் அவசரம். நீங்க முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க!"

"அக்கா, மறுபடி மெசேஜ். அஞ்சு நிமிஷம்தானாம்" என்றான் தம்பி.

டாக்டருக்குத் தான் சொன்ன வார்த்தை இன்னும் அவள் காதிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"டேய், இவனும் ஹாரன்தான்டா அடிக்கிறான். வீட்டைப் பார்த்துட்டுப் போடறேன்னு அனுப்பு."

பதில் உடனே வந்தது: உள்ளே பெயிண்ட் அடிக்கிறார்கள், பார்க்க முடியாது.

"தெருவுக்குமா பெயிண்ட் அடிக்கிறாங்க? டாக்டர், இடது பக்கம் திருப்புங்க. இன்னிக்குப் புதுத் தெரு பழகலாம்."

விளம்பரத்தில் இருந்த விலாசத்தில் வீடு இருந்தது. வெள்ளைச் சுவர், பால்கனி, ஊஞ்சல், எல்லாமே இருந்தன. ஒரு நிமிடம் அக்காவுக்கு ஹாலே திரும்பக் கிடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஆனால் ஊஞ்சலில் பனியன் போட்ட ஒருவர் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாடகைக்கா?" என்று அவரே மேலிருந்து கேட்டார். "நான்தான் ஓனர். எந்த வெளிநாட்டுக்கும் போகல. எப்பவோ நான் போட்ட படத்தை எவனோ எடுத்து வச்சுக்கிட்டு வசூல் பண்றான். முந்தாநாள் ஒருத்தர் பணத்தைக் கட்டிட்டுக் கட்டில், பீரோவோட வந்து எறங்கிட்டார். அழுதார்மா. தண்ணி குடுக்கிறதைத் தவிர எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா போனை வாங்கி, குரல் மெசேஜாகவே பேசி அனுப்பினாள்.

"சார், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். ஊஞ்சல்ல ஒருத்தர் நகம் வெட்டிட்டு இருக்கார். அவரையும் சேர்த்துத்தான் வாடகையா?"

ஓனர் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டர் பழக்க தோஷத்தில் "சாரி" என்றார். போனில் அந்தப் பக்கம் இருந்தவன் குழுவிலிருந்து விளம்பரத்தை நீக்கிவிட்டுக் கம்பி நீட்டினான். நடந்ததை அக்கா சொல்லச் சொல்ல, தம்பி குழுவில் எழுதிப் போட்டான்: வீட்டைப் பார்க்காமல், ஓனர் யாரென்று விசாரிக்காமல் யாரும் காசு அனுப்பாதீர்கள்.

திரும்பும் வழியில் தம்பி அவள் தோளைத் தொட்டான்.

"நீ இல்லன்னா நாங்க நடுத்தெருவுலதான்க்கா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அல்லவா?

"இனிமே அவசரமே படமாட்டோம்" என்றான் அவன். "நேர்ல பார்த்து, நல்லா விசாரிச்சு, பொறுமையாவே தேடிக்கிறோம். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும். அதான் உன் வீடு இருக்கே!"

தெரு காலியாக இருந்தது. வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"என்ன மேடம்," என்றார் டாக்டர் பரிதாபமாக, "இப்ப நான் சரியாத்தானே ஓட்டினேன்?"