வாய்க்கால் குடித்தது போக

முசரவாக்கத்தில் எங்கள் வயல் கடைமடை. மதகில் புறப்படும் தண்ணீர் மூன்று பேர் வயலைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஊர் கூடி முறை வைத்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு விடும் ஒரு பகல் தண்ணீரை நான்கு வயலும் வரிசையாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, ஒவ்வொரு பங்குக்கும் தரையில் ஒரு கோடு கிழித்திருப்பார். கம்பின் நிழல் உங்கள் கோட்டைத் தாண்டினால் உங்கள் பங்கு தீர்ந்தது.

என் நெல் பால் பிடிக்கும் பருவம். என் பங்கோ பாதி வயலுக்குத்தான் போதும். மீதிப் பாதி பதரானால் வீட்டில் சாப்பாட்டுக்கே நெல் இல்லை.

தலைமடை வயல், காஞ்சிபுரத்தில் வண்டிச் சக்கரம் செய்யும் ஒரு பாயுடையது. அவர் உஷாராக, தண்ணீர் அதிகம் கேட்காத கேழ்வரகு போட்டிருந்தார். பட்டறைக்கே போய் அவர் பங்கைக் கேட்டேன்.

"எங்க வூட்டு எருமை வைக்கோலுக்குக் கத்திக்கினு கீது. அறுத்ததும் ஒரு வண்டி போட்ரு. அதுவரைக்கும் என் முறை உனுது" என்றார். "உன் நெல்லு காஞ்சாலும் வைக்கோல் வைக்கோல்தான்பா, எனக்கு இன்னா நஷ்டம்!"

வியாபாரம் முடிந்தது என்று சந்தோஷமாக வந்தேன். அடுத்த முறை அன்று, பாயின் பங்கு காலையில் முதல் பங்கு. மதகு திறந்தது. தண்ணீர் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது! காய்ந்து கிடந்த மணல் வாய்க்கால் முழுக்க அதைக் குடித்தது. நண்டு வளைகள் வேறு. என் வரப்பைத் தொடும் நேரத்தில் நிழல் கோட்டைத் தாண்டிவிட்டது. நீர்க்கட்டி வாய்க்காலை அடைத்து இரண்டாம் வயலுக்குத் திருப்பிவிட்டார்.

"இன்னாண்ணா, இப்பதான வந்துது?"

"கணக்கு மதகாண்ட ஆரம்பிக்குது. வாய்க்கா குடிச்சத நான் துப்பச் சொல்லவா?" என்றார். "வாய்க்கால நல்லா குளிப்பாட்டி வுட்ட. மத்தவங்களுக்கு இன்னிக்கு ஜோரா பாயும்."

கோபத்தைவிட எனக்கு ஆச்சரியம்தான் அதிகம். அவரையே குடைந்தேன். வாய்க்கால் நனைந்த பிறகு, பாயின் பங்கு கடைசியில் என் பங்கோடு ஒட்டி வரவேண்டுமாம். அதற்கு நடுவில் இருக்கும் இரண்டு பேரும் தங்கள் நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். நானும் பாயும் பேசி முடித்தால் போதாது, வாய்க்காலே சம்மதிக்க வேண்டும்!

ஏரி கிடந்த கிடைக்கு இன்னும் ஒரே முறைதான் தண்ணீர் வரும். இரண்டாம் வயல்காரர் உடனே தலையாட்டினார். மூன்றாம் வயல்காரர் தறிக்காரர். பங்கு முன்னுக்கு வந்தால் அவர் காலையிலேயே வயலில் நிற்க வேண்டும்; அதே காலையில் அவர் வீட்டில் பாவு வேலை. பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டி, அறுந்ததை முடிந்து சுற்ற வேண்டும்.

"பாவ நடுத்தெருவுல வுட்டுட்டு மம்முட்டியத் தூக்கிக்கினு ஓடச் சொல்றியா?"

"உனுக்குப் பதிலா நான் வந்து பிடிக்கிறேன்."

என் கையைத் திருப்பிப் பார்த்தார். "பட்டு பயந்துக்கும்பா" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

அப்படி, தண்ணீருக்காக நான் தெருவில் பாவு பிடித்து நின்றேன். தறிக்காரர் வயலுக்குப் போய்விட்டார். "அண்ணா, மாட்டுக்கயிறு இல்லண்ணா, இழுக்காதீங்க!" என்று அவர் மனைவி இழை முடிந்துகொண்டே அதட்டினார். கை பாவில், கண் வெயிலில். சுற்றி முடித்ததும் அப்படியே ஓடினேன்.

வயலில் என் மனைவி முழங்கால் சேற்றோடு நின்றாள். தறிக்காரர் தன் பங்கு முடிந்தும் போகாமல் அவளோடு மடை வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர், காய்ந்த பாதிக்குள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"மெதுவா வாய்யா. இன்னும் உன் பங்கே ஆரம்பிக்கல, பாய் பங்குதான் ஓடுது" என்றாள்.

"என் பாவு இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

"ரெண்டு இழ அறுந்துது" என்றேன்.

"ரெண்டுதானா?" என்று மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.