அம்மன் பாட்டு கேசட்டில் அறிவியல் பாடம்

எங்கள் ஊர் ஆண்களுக்குத் தங்கள் பெயரைக் குழாயில் கேட்பதில் அப்படியொரு ஆசை. கூம்பு ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் குழாய் என்போம். கோயிலுக்கு ஒரு வாழைத்தார் கொடுத்தவர்கூட, இன்னார் மகன் இன்னார் உபயம் என்று மூன்று தடவை சொல்லி முடிக்கும் வரை பந்தலை விட்டு நகர மாட்டார். ஒரு தடவை குறைத்துச் சொன்னால் மறு வருடம் வாழைத்தார் வராது. குழாய் எங்கள் அப்பாவுடையது என்பதால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அகரத்துக்குப் பக்கத்தில், சம்பங்கியும் செவ்வந்தியும் போடுகிற சின்ன ஊர். அப்பா அங்கே ரேடியோ செட் வைத்திருந்தார். நான்கு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு டேப் டெக், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழா எதுவானாலும் அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அப்பாவுக்கு நாக்குத் தள்ளிவிடும். பெயர்ப் பட்டியலை வாசிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்தார். காரணம் எதுவாக இருந்தால் என்ன, நான் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு.

எங்கள் ஊரிலிருந்து அந்த வகுப்புக்குப் போனவர்கள் இரண்டே பேர். நானும், மேலத்தெருவில் இருந்த என் தோழியும். அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள், எனக்கு அதில் பொறாமையும் உண்டு. பஸ்ஸில் இடம் கிடைத்தால் புத்தகத்தை எடுப்பாள், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மனப்பாடம் செய்வாள்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து தை மாதத்தில் அவள் வயதுக்கு வந்தாள். சடங்குக்கு எங்கள் ரேடியோ செட்தான். தாய்மாமன் சீரில் பட்டு, பழம், பாத்திரம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புத்தம் புது டேப் ரெக்கார்டர், ஜிகினாத் தாள் சுற்றி, மாலை போட்டு. ஒவ்வொரு தட்டையும் நான்தான் மைக்கில் அறிவித்தேன். குரலில் எனக்குக் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு அவளைக் கூப்பிடப் போனால் அவள் அப்பா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"பெரிய மனுசி ஆயிட்டா. இனிமே பஸ்ஸுல இடிபட்டுப் போயி என்னத்தப் படிக்க? படிச்ச வரைக்கும் போதும். நீ கெளம்பு."

அவளுடைய படிப்புக்கு மங்களம் பாடியதை நானே ஊருக்கெல்லாம் வாசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ஒரு விஷயம் மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல் முன்பே அனுப்பப்பட்டிருந்தது, அதில் அவள் பெயர் இருந்தது. "பேர நான் அடிக்க மாட்டேன். அவ பாடத்த விடாமப் படிச்சாப் போதும்" என்றார் எங்கள் வகுப்பு டீச்சர்.

படிக்க அவளுக்குப் புத்தகம் இருந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் தாய்மாமன் தயவில் டேப் ரெக்கார்டர் இருந்ததே.

அப்பாவின் பெட்டியிலிருந்து ஓடித் தேய்ந்த கேசட்டாகப் பார்த்து எடுத்தேன். பதிவு செய்ய முடியாதபடி அதன் முதுகில் ஒரு பல்லை உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மேலே டேப் ஒட்டினால் அது மறுபடி பதிவு செய்யும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் டெக்கில் மைக்கைச் செருகி, அன்றைக்கு டீச்சர் நடத்தியதை டீச்சர் மாதிரியே நடத்துவேன். ஆடு கத்துவதும், அம்மா என்னைத் திட்டுவதும் சேர்ந்தே பதிவாகும். வரலாறும் அறிவியலும் நன்றாகப் போயின. கணக்குதான் படுத்தியது. முக்கோணத்தை எவ்வளவுதான் வாயால் வரைந்தாலும் காதுக்கு அது தெரிவதில்லை.

பாட்டு கேசட் மாற்றுகிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போவேன். அட்டை மேல் அம்மன் படம் போட்ட உறைக்குள்தான் பாடம் போகும். அவள் அப்பா சினிமாப் பாட்டு என்றால் பிடுங்கிப் பார்ப்பார், அம்மனைக் கும்பிட்டுவிட்டு விட்டுவிடுவார். இரண்டு நாளில் கேசட் திரும்பி வரும். பாடம் முடிந்த இடத்திலிருந்து மிச்ச நாடாவில் அவள் தன் சந்தேகங்களைக் கிசுகிசுப்பாகப் பேசி வைத்திருப்பாள். சந்தேகத்தோடு சந்தேகமாக, வெஞ்சனத்துக்கு உப்புப் போட மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டதும், பூப்பறித்து விரல் நுனி காந்துவதும் வரும். நான் மறு கேசட்டில் பதில் சொல்வேன். அவள் எப்போதுமே என்னைவிட நல்ல கேள்வி கேட்டாள். பாதிக் கேள்வியை நான் டீச்சரிடம் கொண்டுபோய், என்னுடையது போலக் கேட்டுப் பேர் வாங்கிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இப்போது என் மகன் பள்ளியிலிருந்து, செல்போன் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சுற்றறிக்கை வருகிறது. படித்ததும் கிழித்துப்போடுகிறேன். பிள்ளைகள் கையில் எது கிடைத்தாலும் அதில் பாடமும் போகும், பேச்சும் போகும். எங்களுக்குக் கிடைத்தது கேசட்.

பங்குனியில் ஊர்த் திருவிழா வந்தது. கோயிலடியில் ரேடியோ செட்டை இறக்கி, நான்கு குழாயையும் நான்கு திசைக்குக் கட்டினார் அப்பா. முதல் நாள் விடியற்காலையில் அம்மன் பாட்டோடு தொடங்குவது வழக்கம். அப்பா கேசட்டை அட்டையிலிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். எடுத்தார், டெக்கில் போட்டார், அழுத்திவிட்டு, நான்காவது குழாயைத் திருப்பிக் கட்டத் தென்னை மரத்தில் ஏறிவிட்டார்.

நான் வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் குரல் வானத்திலிருந்து கேட்டது.

"பாடம் பதினொன்று. மலரின் பாகங்கள்."

ஈரத் தலையோடு ஓடினேன். கோயிலுக்கும் வீட்டுக்கும் நல்ல தூரம். புல்லி வட்டம், அல்லி வட்டம் வரை ஊர் பொறுமையாகக் கேட்டிருக்கிறது. மகரந்தச் சேர்க்கையிலும் சிக்கல் இல்லை. சூலகம், கருவுறுதல் என்று வந்தபோது டீக்கடையில் பெஞ்சு காலியாகிவிட்டது. அப்பா மரத்தின் உச்சியிலிருந்து, "அமத்துங்கடா, எவனாச்சும் அமத்துங்கடா" என்று கத்துகிறார். எந்தப் பொத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் என் பாடம் முடிந்து, அவள் குரல் தொடங்கிவிட்டது. காதுக்குள் பேசுகிற அந்தக் கிசுகிசுப்பு, நான்கு திசைக்கும் பூத்தோட்டங்களுக்கு மேலே போனது.

"ஏ புள்ள, சூலகம்னா பூவுல எங்குட்டு இருக்கு? நேத்து ஒரு பூவப் பிச்சு உள்ள பாத்தேன், எனக்குத் தெரியல. வெவரமாச் சொல்லு."

அமுக்கினேன். ஊரே என்னைச் சுற்றி நின்றது. ஊர்ப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கோயில் கொழாயில சூலு, கருவுன்னு பேசுறதா? என்ன கேசட்டுத்தா இது?"

"பூவப் பத்துன பாடம் தாத்தா. ஊரே பூ வெவசாயந்தான பாக்குது?"

"பூவு பூக்கும், பறிப்போம். அது எப்புடிப் பூக்குதுன்னு பொம்பளப் புள்ளைக கொழாயில சொல்லணுமாக்கும்?"

அவருக்கு முப்பது சென்ட் சம்பங்கி இருந்தது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலா இத்தனை உலகமும் நடக்கிறது என்று கேட்டிருப்பேன், அதற்குள் அப்பா மரத்திலிருந்து இறங்கிவந்து கன்னத்தில் ஒன்று வைத்தார். பாடம் சொல்லிக்கொடுத்ததற்கு அல்ல. "கல்யாணப் பாட்டு கேசட்ட எல்லாம் அழிச்சுட்டியேடி" என்று அன்று முழுதும் புலம்பினார்.

எனக்கு ஒரு அறையோடு போயிற்று. அவளுக்கு அப்படியில்லை. மகள் குரல் குழாயில் வந்துவிட்டதென்று அவள் அப்பா டேப் ரெக்கார்டரைப் பிடுங்கிப் பரணில் போட்டார், புத்தகங்களைக் கட்டி அதன் பக்கத்திலேயே போட்டார். அந்த வாரம் டீச்சர் அவளுடைய ஹால் டிக்கெட்டை என் கையில் கொடுத்து, "எப்படியாச்சும் கூட்டிட்டு வா" என்றார். கொண்டுபோய் நீட்டினேன். அவள் அப்பா அதைத் தொடக்கூட இல்லை.

"நீயே வச்சுக்க. ரெண்டு பரீட்சையாச் சேத்து எழுது."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கத்தியிருந்தால்கூட நான் பேசாமல் வந்திருப்பேனோ என்னவோ. அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

பரீட்சைக்கு முந்தைய மாலை, கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள். ஊர் மொத்தமும் அங்கே. மூன்று நாள் கத்தியதில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, உபயதாரர் பட்டியல் என் கைக்கு வந்தது. அவள் அப்பா முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பந்தலுக்குப் பூ அலங்காரம் அவர் உபயம். அவர் பெயரை, ஊர்ப் பட்டம் எதையும் விடாமல், மூன்று தடவை வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார். மைக்கை நான் வைக்கவில்லை.

"மேலும் ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. அன்னாரின் மகள், நாளை நடைபெறும் பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வை எழுதவிருக்கிறார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். பெண் குழந்தையைத் தேர்வுக்கு அனுப்பி ஊருக்குப் பெருமை சேர்க்கும் அன்னாருக்கு, ஊர்ப் பொதுமக்கள் சார்பில் நன்றி."

இதையும் மூன்று தடவை வாசித்தேன். இரண்டாவது தடவையிலேயே கூட்டத்தில் கைதட்டல் வந்தது. மூன்றாவதில் பூசாரி அம்மன் கழுத்து மாலை ஒன்றைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டார். மூன்று நாளைக்கு முன்னால் என்னை வைத பெரியவரே, "நல்ல காரியம்ப்பா" என்று அவர் தோளைத் தட்டினார். அவள் அப்பாவால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, மாலையைக் கழற்றவும் முடியவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அடுத்த உபயதாரர் பெயருக்குப் போய்விட்டேன்.

பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் அன்றைக்கே பொங்கல் பானைக்கு அருகில் அவளைத் தேடிப் போய் ஹால் டிக்கெட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எங்கப்பன் பேர மூணு தடவ சொன்ன. இன்னும் மூணு தடவ அன்னாருன்ன. என் பேர எங்க சொன்ன?"

"அறிவிப்புன்னா அப்படித்தான எழுதுவோம். ஒன் பேரச் சொல்லியிருந்தா ஒங்கப்பாவுக்கு இன்னும் கோவம் வந்திருக்கும்."

"வந்தா வரட்டும். பரீட்ச எழுதுறது நானா, அவரா?"

ஒரு மனிதரின் பெயர் ஆசையை வைத்து அவரையே மடக்கிய கெட்டிக்காரத்தனத்தில், அவளை நானும் வெறும் மகளாக்கிவிட்டிருந்தேன். அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை அவள் யூனிஃபார்ம் தாவணியில் கோயிலடிக்கு வந்தாள். ரேடியோ செட்டை இன்னும் பிரிக்கவில்லை. அப்பா ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். "ஆன் பண்ணு" என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் திரும்பாமல், "செத்த நேரந்தான். பஸ்ஸு வந்துரும்" என்றார். போட்டேன். எல்லோரும் செய்வது போல அவளும் மைக்கை இரண்டு தடவை ஊதிப் பார்த்தாள். பிறகு கிசுகிசுப்பு எதுவும் இல்லாத குரலில் தன் பெயரைச் சொன்னாள். பெயர் மட்டும், முன்னால் யாரும் இல்லாமல்.

"பத்தாப்புப் பரீட்ச எழுதப் போறேன். போயிட்டு வாரேன்."

அவள் அப்பா அந்நேரம் தோட்டத்தில் பூ நிறுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும், கிழக்குக் குழாய் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தது. எங்களைத் தடுக்க யாரும் வரவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கணக்கில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அவள் அழவில்லை. அக்டோபரில் மறுபடி எழுத, விண்ணப்பத்தை அவளே வாங்கி, அவளே நிரப்பி, அவளே அனுப்பினாள். அந்தத் தடவை நான் எந்த அறிவிப்பும் செய்யவில்லை. அவள் வீட்டில் யாரிடமும் கேட்கவும் இல்லை. அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாளாம்:

"வெள்ளிக்கெழம பூவெடுக்க ஆளு வச்சுக்கங்க. எனக்குப் பரீட்ச இருக்கு."