வெறும் கோப்பையில் ஒரு மிடறு

"அருளப்பர் அண்ணன் விடியக்குள்ள போயிட்டார்" என்று துரை தொலைபேசியில் சொன்னபோது நான் உடனே நம்பவில்லை. சீட்டு மேசையில் அருளப்பரின் ஜோடி துரை. அந்த ஜோடி எதைச் சொன்னாலும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது என் பழக்கம். கல்லடியில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போடுவதைக் கண்ட பிறகே நம்பினேன்.

நான் நாவற்குடாவில் ஹாட்வெயார் கடை வைத்துச் சொந்தக் கையால் மேலே வந்தவன். முகத்தை நம்பிச் சரக்கு எடுத்ததில்லை. ஞாயிறு பின்னேரங்களில் நம் மன்றத்தில் பிரிட்ஜ் ஆட வந்தபோதும் அதே கண்ணோடுதான் வந்தேன். சீட்டு இறக்குமுன் எத்தனை சுற்றுப் பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பதில்தான் அந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தவிர ஜோடிக்கு வேறெதையும் தெரிவிக்கக் கூடாது.

தபாற்கந்தோரில் இருந்து இளைப்பாறிய அருளப்பர், முதல் நாளே "ரெண்டு கிளாவர்" என்று கேட்டார். கிளாவர் சாதிச் சீட்டு கையில் நிறைய இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஏலம் முடிந்த மறுகா, ஆட்ட முறைப்படி தன் சீட்டை மேசையில் விரித்தார். இருந்தது ஒரேயொரு கிளாவர்.

"இது கள்ளம்தானே?" என்றேன்.

"அது கிளாவருக்கான கேள்வி இல்ல" என்றார் துரை. "என்னட்ட ஆடுத்தன் சாதியிலயோ இஸ்கோப்பன் சாதியிலயோ நாலு சீட்டுக் கிடக்கா எண்டு விசாரிக்கிறார்."

"நீங்க அப்பவே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பம்" என்றார் அருளப்பர். "கேட்டா ஒளிக்கக் கூடாது, அதுதான் சட்டம். சந்தேகப்படுங்க. ஆனா கேட்டுப்போட்டுச் சந்தேகப்படுங்க."

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் முன் அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி ஒரு மிடறு குடிப்பார். துரைக்குச் சாடை காட்டுகிறார் என்று முடிவுகட்டினேன். மன்றத்தவர் உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "நான் பிடிச்சுக் காட்டினா அவர் இந்த மேசைய விட்டு எழும்பணும். இல்லாட்டி நான் எழும்புறன்."

"ஓம், சரி" என்றார். கோப்பையை மட்டும் விடவில்லை.

அன்று பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். நல்ல கைக்கும் ஒரு மிடறு, கெட்ட கைக்கும் ஒரு மிடறு, பாஸ் சொல்லவும் ஒரு மிடறு. எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் எட்டிப் பார்த்தேன். கோப்பை காய்ந்து கிடந்தது.

"வெறும் கோப்பைய என்னத்துக்கு உறிஞ்சுறீங்க?"

"இப்பதான் கேட்டீங்க, சொல்றன். ஒண்டும் இல்லாத கைக்கு டக்கெண்டு பாஸ் சொல்லிருவன். இக்கட்டான கைக்கு யோசிப்பன். அந்தத் தாமதமே என்ர கையத் துரைக்குக் காட்டிக் குடுத்திரும். அதுதான் கள்ளம். அதால எல்லாத்துக்கும் ஒரே மிடறு."

நான் கதிரையைத் தள்ளி எழும்பினேன்.

"இரிங்க கா" என்றார். "இப்பிடி உத்துப் பாக்கிற ஆள் எதிரணியில இருந்தாத்தான் மேசை சுத்தமா இருக்கும்."

சந்தேகப்பட்டது பிழையென்று அவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து அந்த ஒரு மிடறை எடுத்துக்கொண்டேன். கடையில் விலை கேட்பவர் அவசரக்காரரோ சும்மா கேட்பவரோ, ஒரே அளவு பொறுத்துத்தான் பதில் சொல்கிறேன்.

செத்தவீட்டில் துரை பக்கத்தில் வந்து இருந்தார். "இனி அவர்ர கதிரையில, எனக்கு ஜோடியா, நீங்கதான் இருக்கணும்."

எதிரணியில் இருக்கும் சந்தேகக்காரனைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் கையிலிருந்த கோப்பையில் தேத்தண்ணி முடிந்திருந்தது. தூக்கி ஒரு மிடறு எடுத்தேன்.

"ஏன் என்னை?"

"இப்பிடிக் கேப்பீங்க எண்டு அண்ணன் சொன்னவர்" என்றார் துரை. "ஒளிக்காமச் சொல்லு எண்டும் சொன்னவர். அவர் இல்லாட்டி நான் சாடை பாக்கத் தொடங்கிருவனாம். உங்களுக்கு முன்னால அது ஏலாதாம்."

இந்த ஞாயிறு அந்தக் கதிரையில் இருப்பேன். துரையைப் பார்த்தபடி.