பக்கிள் இல்லாத பெல்ட்

பிச்சாட்டூர் வீட்டில் சித்தப்பாவின் சட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெல்ட் தொங்கும். தடித்த ராணுவத் தோல். பக்கிள் மட்டும் இருக்காது. பர்மா சண்டையிலிருந்து லெப்டினென்டாகத் திரும்பியவர், கட்டவே முடியாத ஒன்றை எதற்கு மாட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. சித்தியைக் கேட்டால், "மிச்சம் சாமிகிட்ட இருக்குது" என்பாள்.

அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தபோது சித்தி திருமலைக்கு வேண்டிக்கொண்டாளாம்: உயிரோடு வந்தால் நிலுவு தோப்பிடி. அதாவது, உடம்பில் இருக்கும் நகைநட்டு அத்தனையையும் கழற்றி உண்டியலில் போட்டுவிடுவது. பட்டாளத்துக்காரர் உடம்பில் நகை ஏது? கைக்கடிகாரம், தோளிலிருந்த பித்தளை நட்சத்திரங்கள், பெல்ட்டின் பக்கிள் எல்லாம் போயின. தோல் சாமிக்கு ஆகாது என்று பெல்ட் மட்டும் வீடு திரும்பியது.

போரில் உடுப்பும் சாமான்களும் இழந்த அதிகாரிகளுக்கு அரசு ஈடு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு சித்தப்பா மனுப் போட்டார். ஆற்றோடு போன பெட்டி, கூடாரம் இவற்றோடு உண்டியலுக்குப் போனவற்றையும் சேர்த்தே எழுதிவிட்டார். அவர் கணக்கில் எல்லாம் ஒரே சண்டையில் போனவைதான். மனு மதராஸில் தூங்கி, ஆந்திரா பிரிந்தபின் சித்தூருக்குப் போனது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் சேரும் என்று எங்களுக்கே தெரியாத நாளில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். வந்தவர் கண்ணில் பெல்ட்தான் முதலில் பட்டது.

"பெல்ட் வந்துகிது, பக்கிள் மட்டும் எப்படி சார் யுத்தத்துல போச்சு? நிஜம் செப்பண்டி."

சித்தப்பா நடந்ததைச் சொன்னார். "யுத்தம் இல்லன்னா வேண்டுதலே இல்லியே சார்" என்றார். அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "தொலைஞ்சதுன்னே கையெழுத்துப் போடுங்க, எழுதிக்கினு போறேன்" என்று பேனாவை நீட்டினார்.

சித்தி உள்ளேயிருந்து வந்தாள். "சர்க்கார் காசு குடுத்துட்டா அது சர்க்காரு வேண்டுதல் ஆயிடும் சார். அப்புறம் இவரு உசுருக்கு நான் இன்னா குடுத்தேன்?"

சித்தப்பா அவளையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனுவிலிருந்த உண்டியல் சாமான்களை அடித்துவிட்டார். அடித்தல் திருத்தல் உள்ள மனு நம்பத்தக்கதல்ல என்று முழுவதையும் தள்ளிவிட்டார்கள். கூடாரமும் பெட்டியும்கூடப் பொய்யாகிப் போயின. அவர் அதன்பிறகு பர்மாவைப் பற்றிப் பேசவே இல்லை.

கிணறு வற்றிய ஒரு கோடையில் சோறு போட்டுக்கொண்டே சித்தி சொன்னாள்: "அன்னிக்கி கையெழுத்துப் போட்டிருக்கலாம் இல்ல?" அவர் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்று அந்த பெல்ட் திருப்பதியில் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பக்கிள் தொலைந்ததா, கொடுத்ததா என்று யாராவது கேட்டால் இப்போதும் விழிப்பேன். சித்தப்பா இறந்த மறுநாள் சித்தி அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தோலு ஆவாதுன்னு இத்தத் திருப்பிக் குடுத்தான்" என்றாள். "இப்போ ஆள வாங்கிக்கினான்."