கரி பிடித்த நான்கு பிளக்குகள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் மும்முரமாக நடந்த சமயம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி அங்கங்கே ரோட்டில் மரக்கட்டைகளைப் போட்டு மறித்திருந்தார்கள். சங்கராபுரம் ரோட்டில் இருந்த என் ஷெட்டுக்கு அன்பழகன் தன் பெட்ரோல் வேனோடு வந்தான். கல்வராயன் மலையில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் அவன் வேன்தான் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்.

“இன்னான்னு பாருண்ணே. செக் எஞ்சின் லைட் எரிஞ்சிக்கினே இருக்குது. ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது.”

வண்டிக் கோளாறைக் கோடு நம்பராகக் காட்டும் ஸ்கேனர் வாங்கிய புதிது. ஆசையாக மாட்டினேன். லீன் கோடு வந்தது. பெட்ரோல் கம்மி, காற்று ஜாஸ்தி என்று சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். நான்கிலும் கரி. பெட்ரோல் கம்மியாகப் போனால் பிளக் வெளுத்திருக்க வேண்டும்; ஜாஸ்தியாகப் போனால்தான் கரி பிடிக்கும். முப்பது வருடம் பிளக்கைப் பார்த்தே எஞ்சினுக்கு நோய் சொன்னவன் நான். அன்றைக்கு எனக்கு ஸ்கேனர் சொன்னதுதான் வேதவாக்கு. கரியைத் துடைத்து மாட்டிவிட்டு, சென்சாரைப் புதிதாகப் போட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டேன். “அடியில எங்கனா இடிச்சியா?”

ஷெட் வாசலில் மறியலுக்குப் போய்வந்த எங்கள் ஜனம் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அன்பழகனும் எங்கள் ஜனம்தான். அவர்களை ஒரு பார்வை பார்த்தான்.

“இல்லண்ணே, எங்கயும் இடிக்கல.”

நான் மேலே கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவும் இல்லை. ஸ்கேனரில் அந்த லீன் கோடை அழித்ததும் லைட் அணைந்தது. அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. “மலையில நின்னுபோச்சுண்ணே. வண்டில புள்ளத்தாச்சி இருக்குது. சீக்கிரம் வாண்ணே.”

இறங்கும் வழியில் ஒரு சின்ன ஏற்றம் உண்டு. அதில் நின்றுவிட்டிருந்தது. நான் பைக்கில் போய்ச் சேர்வதற்குள் வேனுக்குள்ளேயே பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை அழவே இல்லை. அவள் புருஷன் அப்போதும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

அடியில் படுத்தேன். சென்சாருக்கு முன்னால் பைப் வெடித்திருந்தது. வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. அதைச் சென்சார் கணக்கில் எடுக்க, பெட்ரோல் போதவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது. பிளக்குகள் கரியில் அடைத்துச் செத்துவிட்டன. வெடிப்பில் மரப்பட்டை சிக்கியிருந்தது.

அன்பழகன் அழுதான். “நம்மாளுங்க போட்ட கட்ட மேல ஏத்திட்டுப் போனேண்ணே. அன்னிக்கும் ஒரு பிரசவக் கேஸு வண்டில இருந்துச்சு. ஷெட்டுல டீ குடிச்சிக்கினு இருந்தாங்களே, அவுங்க எதுர்ல எப்பிடிண்ணே சொல்றது?”

அதன்பிறகு அவன் வேன் ஓட்டவில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லீன் கோடு வந்தால் சென்சாரை மாற்றும் முன் அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்கேனரும் பிளக்கும் வேறு வேறு சொன்னால் வண்டியை வெளியே விடாதீர்கள். வண்டிக்காரனைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரியுங்கள். இதெல்லாம் நான் சரியாகச் செய்து இனி என்ன ஆகப்போகிறது? “செத்த தள்ளிப் போய்க் குடிங்கப்பா” என்று அந்த நாலு பேரிடம் நான் சொல்லியிருந்தால் போதும், அன்பழகன் வாய் திறந்திருப்பான். அவன் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அவர்களிடம் பயம்.