லூக்கா மதிலில் இசபெலின் சைக்கிள்

இசபெலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். அவள்மேல் அல்ல. அவளுடைய கணவர் ஞானரட்ணத்தின்மேல். அவரைவிட, அவருடைய கூட்டாளி றெஜினோல்ட்மேல்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு இசபெலுடையது. பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வான் ஓட்டினாள். பனி உறைந்த தெருவிலும் ஒரு சொட்டு சூப் சிந்தாமல் வளைப்பாள். ஞானரட்ணமோ சாரதிப் பரீட்சையில் நான்கு முறை தவறியவர். ஐந்தாம் முறை பரீட்சகரே வீடு தேடி வந்து, "இனி வேண்டாம் ஐயா" என்று காலில் விழுந்ததாக நான் சொல்வதுண்டு. இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

1993 ஓகஸ்டில் இத்தாலியிலுள்ள பாதுவா அந்தோனியாருக்கு ஞானரட்ணம் ஒரு நேர்த்திக்கடன் தீர்க்கவேண்டியிருந்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். ஓட்டுவதற்கு இசபெல் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: திரும்பும் வழியில் லூக்கா. அந்த இத்தாலிய ஊரை அவள் நூலகப் புத்தகமொன்றில் கண்டிருந்தாள். ஊரைச் சுற்றி மதில், மதிலின் மேலே மரங்கள், மரங்களின் கீழே சைக்கிளில் சனங்கள். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் கோட்டையைக் கடந்து பள்ளிக்குச் சைக்கிள் மிதித்தவள் இசபெல். அந்தக் கோட்டைக்குள் காவலாளிகள் அவளை ஒருநாளும் விட்டதில்லை.

"சாகிறதுக்குள்ளை ஒருக்கா எண்டாலும் ஒரு கோட்டை வாசலுக்குள்ளாலை சைக்கிளிலை போகவேணும், கத்தரின் அக்கா."

இதை ஒரு வருடமாகச் சொன்னாள். என்னிடம் மட்டுமல்ல. சமையலறையில், ஞானரட்ணத்தின் காதுக்கு இரண்டடி தூரத்தில் நின்றும் சொன்னாள்.

அந்த மோட்டார்ஹோம் வானின் பின்னால் இரண்டு சைக்கிள்களைக் கட்டினோம். ஒன்று அவருடையது, மற்றது அவளுடைய சிவப்புச் சைக்கிள். சமையலுக்குக் கைகொடுக்க நான் போனேன். றெஜினோல்ட் வரைபடம் பார்த்து வழிசொல்ல வந்தார். அவர் சொன்ன வழியில் போய் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் நின்றோம்.

பாதுவாவில் நேர்த்தியைத் தீர்த்துவிட்டு, கடைசியில் ஒரு மத்தியானம் லூக்காவின் மதிலுக்கு வெளியே வானை நிறுத்தினாள் இசபெல். மறுநாள் விடியவே புறப்படவேண்டும். இறங்கி, கை கழுவி, சேலைக் கொசுவத்தைச் செருகினாள். அதற்குள் ஞானரட்ணம் அவளுடைய சைக்கிளை அவிழ்த்து றெஜினோல்டின் கையில் கொடுத்திருந்தார்.

"நீர் சோத்தைப் போடும். நாங்கள் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறம்."

"அது என்ரை சைக்கிள்."

"என்னப்பா, எங்களை நம்பி வந்த விருந்தாளியை நடக்கவிடுறதே?"

விருந்தாளி வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பருப்புக்கு உள்ளிப்பூடு கொஞ்சம் கூடப் போடுங்கோ, தங்கச்சி" என்றார்.

இசபெல் அரிசியைக் கழுவினாள். மூன்று தரம், நான்கு தரம், ஆறு தரம். பிறகு அதைத் தண்ணீரோடு அப்படியே விட்டாள். அடுப்பை அணைத்தாள், வானைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள்.

"வாங்கோ அக்கா."

நடந்தே உள்ளே போய், சரிவுப் பாதையில் மதிலின் மேல் ஏறினோம். ஞானரட்ணம் எங்கோ முன்னால் போய்விட்டிருந்தார். ஒரு மரத்தடியில் றெஜினோல்ட், கன்றுக்குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் போல, சிவப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏன் அண்ணை உருட்டுறியள்?"

"காத்து இறங்கிப் போட்டுது, தங்கச்சி."

இசபெல் டயரை அமுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"அப்ப ஏறி ஓடிக் காட்டுங்கோ."

றெஜினோல்ட் மரத்தைப் பார்த்தார், மணிக்கோபுரத்தைப் பார்த்தார். "சின்னனிலையிருந்து எங்கடை வீட்டிலை கார். சைக்கிள் பழகேல்லை. ஞானம் சட்டெண்டு கையிலை தர, தெரியாதெண்டு சொல்ல வெக்கமாப் போச்சு."

சைக்கிள் ஓடத் தெரியாத யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளையை நான் அன்றுதான் கண்டேன்.

"தெரியாதெண்டு சொல்ல வெக்கம். உள்ளி கூடப் போடெண்டு சொல்ல வெக்கமில்லை, என்ன?" என்று கேட்டு, சைக்கிளைப் பறித்தாள் இசபெல்.

ஏறி ஓடவில்லை. கீழே இறக்கி, வாசலுக்கு வெளியே வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே ஏறி உட்கார்ந்து, மணியை அடித்து, அந்தக் கல் வாசலுக்குள்ளால் ஓடி வந்தாள். சரிவிலும் இறங்காமல் மிதித்தாள். என்னைக் கடந்தபோது அவள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சுற்று நான்கு கிலோமீற்றர். முதற் சுற்றில் ஞானரட்ணம் எதிரே வந்தார்.

"வான் திறப்பெங்கை? பசிக்குது!"

"என்னட்டைத்தான்!" நிற்காமல் போனாள்.

இரண்டாம் சுற்றில் கையை விரித்துக்கொண்டு வழியில் நின்றார். "இவ்வளவு ஆசையெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இசபெல்!"

அப்போதுதான் பிரேக் பிடித்தாள்.

"ஒரு வருசமாய்ச் சொன்னனான். உங்கடை காதுக்குத்தான் சொன்னனான். அந்தோனியாரே தூரத்திலை இருந்து கேட்டிருப்பார்."

திறப்பை அவருடைய நெஞ்சிலே எறிந்தாள். "அரிசி கழுவிக் கிடக்கு" என்று சொல்லி மறுபடி மிதித்தாள்.

மொத்தம் பதினொரு சுற்று ஓடினாள். சேலைத் தலைப்புப் பறந்ததைக் கண்டு கோயிலுக்குள்ளிருந்து பாதிரிமார் ஓடிவந்து சிலுவை போட்டார்கள். இசபெல் மூன்று சுற்று என்றுதான் சொல்வாள். எண்ணியது நான்.

வெயில் சாய்ந்து அவள் திரும்பியபோது வானுக்குள் ஆண்கள் இருவரும் சோறு என்று ஏதோ ஒன்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளி உரித்தவர் றெஜினோல்ட். இசபெல் சைக்கிளைப் பூட்டி, அந்தச் சின்னத் திறப்பை ஒரு சட்டை ஊசியில் கோத்துத் தாலிக்கொடியில் கொழுவினாள்.

இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. ஞாயிறு பூசையில் அவள் முழந்தாளிடும்போது அது தாலியில் தட்டிச் சத்தம் போடும். ஞானரட்ணம் உடனே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்.